ஒன்று தொள்ளாயிரம்

ஐம்பத்தொன்று என்று சொன்னது ஷர்மிளா, நான் இல்லை. நான் அவரைக்காய்க்கு நார் கிள்ளிக்கொண்டிருந்தேன். கணக்கெடுப்புக்கு வந்த பெண் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, நேற்று இந்த வீட்டில் தங்கினவர்கள் எல்லாருடைய பேரும் வயசும் வேண்டும் என்றாள். லீவுக்கு வந்த என் மகள் வீட்டுக்கே தலைவி மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அப்பா பெருமாள், ஐம்பத்தாறு, இப்ப கேஸ் ஆபீஸ் போயிருக்கார், அம்மா மாதேஸ்வரி, ஐம்பத்தொன்னு, நான் ஷர்மிளா, முப்பத்திரண்டு, மூணு பேர்தான் என்று ஒப்பித்தாள். அந்தப் பெண் விரலால் தட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள். "ஐம்பத்தொன்னுன்னா அம்மா வர மாட்டாங்கக்கா. பதினஞ்சுலேர்ந்து நாற்பத்தொன்பது வரைக்கும்தான் கேள்வி. உங்களை மட்டும் கேட்டாப் போதும்." வர மாட்டாங்க. இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன், எதில் வர மாட்டேன். ஷர்மிளா என்னைப் பார்த்துச் சிரித்தாள், "தப்பிச்சே போ" என்றாள். நானும் சிரித்தேன். தப்பிப்பது எனக்குப் பழக்கம்தான். நார் ஒன்று நீளமாக, அறுபடாமல், முனையிலிருந்து முனைவரை வந்தது. அப்படி வந்தால் மனசுக்கு ஒரு திருப்தி. அதைத் தட்டின் ஓரத்தில் சுருட்டி வைத்தேன். ஐம்பத்தொன்று. யாரோ ஒருத்தியின் வயசு. முப்பத்திரண்டு வருஷமாக அவள் எனக்கு மூன்று வருஷம் முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள், நான் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்த ஐம்பத்தொன்றுக்காரி பிறந்தது அரூர் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாவில். பிரசவ வலியில் எனக்குக் கைகால் இழுத்துக்கொண்டு, பல் கிட்டிப்போய், அப்பா என்னை மாட்டுவண்டியிலிருந்து இறக்கிக் கிடத்திய அந்தச் சிமெண்டுத் தரையில், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நர்ஸ் கேட்டாள், வயசு என்ன என்று. அப்பா, பதினாறு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சும்மா என்று உண்மையைத்தான் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது, அன்றைக்கு வரைக்கும். நர்ஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னாளாம், "பதினாறுன்னு எழுதினா எனக்கும் தொல்லை உங்களுக்கும் தொல்லை. பத்தொன்பதுன்னு சொல்லுங்க." அப்பா சொன்னார், பத்தொன்பது. இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லித் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் விட்டத்தில் ஒரு பல்லி இருந்தது, அது இரண்டாக இருந்தது, பிறகு நாலாக. கெட்ட எண்ணத்தில் செய்தாளா அந்த நர்ஸ்? இல்லை. என் உயிரைப் பிடித்து நிறுத்தினவளும் அவள்தான், ஊசி போட்டு, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஸ்பூனைத் திணித்து. ஒரு கையால் காப்பாற்றினாள், இன்னொரு கையால் மூன்று வருஷத்தைக் கூட்டி எழுதினாள். அந்தச் சீட்டைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து ஓட்டர் கார்டு, அதைப் பார்த்து பாஸ்போர்ட். சிங்கப்பூருக்குப் போனது அந்த வயசோடு, திரும்பி வந்ததும் அந்த வயசோடு. பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரில் மட்டும் நிஜ வயசு கிடக்கும், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, நடுவில் நின்றவள் என்று. அக்கா ஒருத்தனை நம்பி வீட்டைவிட்டுப் போன மாசத்தில் என்னை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த டி.சி.யை யாரும் போய் வாங்கவில்லை. போன வருஷம் எனக்கு ஐம்பது என்று ஷர்மிளா கேக் வாங்கி வந்தாள். தங்க நிறத்தில் ஐந்தும் பூஜ்யமும் பலூன். அதை ஊதினவர் அவள் அப்பா. பூஜ்யத்தை ஊதி முடித்து, வாயில் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கு நாற்பத்தேழு. கேக்கை வெட்டினேன்.

"இதெல்லாம் எதுக்குங்க எடுக்கறீங்க?" ஷர்மிளா கேட்கிறாள். அவளுக்கு எதையும் அஸ்திவாரத்திலிருந்து தெரிந்தாக வேண்டும். பாலங்களைப் பரிசோதிக்கிற வேலை. பாலத்திலிருந்து தொங்கும் இரும்புத் தொட்டிலில் ஆற்றுக்குள் இறங்கித் தூணைத் தட்டிப் பார்ப்பாள், சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண், அபிநயா என்று கழுத்து அட்டையில் இருக்கிறது, இருபத்திரண்டு இருக்குமா, ரொம்ப உற்சாகமாகச் சொல்கிறாள், "எந்த வயசுல கல்யாணம், எந்த வயசுல முதல் குழந்தை, அதுங்க்கா முக்கியம். பதினெட்டுக்குள்ள பெத்தவங்க எத்தனை பேருன்னு பார்க்கறாங்க. நேத்துலேர்ந்து இந்தத் தெருவுல பதினேழு வீடு முடிச்சிட்டேன், ஒருத்தர்கூட இல்ல. சைபர். நல்ல ஏரியா." நல்ல ஏரியா. காய் கையிலேயே நின்றுவிட்டது. ஃபேன் ஓடுகிறது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள், கிளம்ப மாட்டேன் என்கிறது. சைபர். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இத்தனை வருஷமும், யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் வெட்கமாகத்தான் இருக்கும் என்று. இப்போது வருவது வெட்கம் இல்லை. கோபம் மாதிரி, ஆனால் கோபமும் இல்லை. வரிசையில் நெடுநேரம் நின்று ஜன்னலுக்கு வரும்போது, உங்கள் பெயர் இதில் இல்லையே என்று சொன்னால் வருமே, அது. நான் இல்லையா? அந்த வராந்தா இல்லையா? அந்த மணிச் சத்தம் இல்லையா?

அந்த மணிச் சத்தத்தைப் பற்றித்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஷர்மிளா அப்பாவிடம்கூட முழுதாக இல்லை. பிறந்தபோது குழந்தையின் எடை ஒன்று தொள்ளாயிரம், இரண்டு கிலோகூட இல்லை. தராசுக் கொக்கியில் துணித்தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, முள் அசைந்து நின்றதும் நர்ஸ் உரக்கச் சொன்னாள், ஒன்னு தொள்ளாயிரம். கடையில் சாமான் நிறுத்துச் சொல்கிற குரல். பிழைக்குமா என்று கேட்டதற்கு, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பிப் பால் குடு, தூங்குதேன்னு விட்டுடாத, விட்டா போயிரும்" என்றாள். விட்டா போயிரும். வீட்டில் கடிகாரம் இல்லை. ராத்திரியில் ஆள் மாற்றி ஆள் முழித்துக்கொள்வோம், பகலில் புருஷன் வீட்டில் எல்லாரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வெயிலைப் பார்த்து நேரம் சொல்ல எனக்குத் தெரியாது, ஐப்பசி மழையில் வெயிலும் கிடையாது. ஆனால் அந்த வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இருந்தது. என் பள்ளிக்கூடம் இல்லை, வேறு ஊர்ப் பள்ளிக்கூடம், ஆனால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒரே மணிதானே, தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பது. ஒரு பீரியட் நாற்பது நிமிஷம். மூன்று தடவை மணி அடித்தால் இரண்டு மணி நேரம். கணக்கு எனக்கு நன்றாக வரும். பிரேயர் மணிக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு மூன்றாவது மணிக்கு, இன்டர்வல் பத்து நிமிஷம் கழித்து, சாப்பாட்டு மணிக்கு. தமிழ் பீரியட் முடிந்தது, எழுந்திரு. அறிவியல் முடிந்தது, எழுந்திரு. காது மடலைச் சுண்டினால்தான் கண் திறப்பாள், பாலாடையால் ஒவ்வொரு சொட்டாகப் புகட்டுவேன். அந்தச் சுவருக்கு அப்பால் என் வயசுப் பிள்ளைகள் மணி அடித்ததும் ஹோ என்று கத்திக்கொண்டு எழுந்திருப்பார்கள், இந்தப் பக்கம் நானும் எழுந்திருப்பேன். ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றுதான் நான் பிறந்த வீட்டிலிருந்து கேட்டு எடுத்துவந்தது. அதிலிருந்த காம்பஸையும் டிவைடரையும் குழந்தையைக் குத்திவிடும் என்று கூரை எரவாணத்தில் செருகிவிட்டு, உள்ளே வசம்பும் மைச்சிமிழும் பாலாடையும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் பயம். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாமல் நான் உட்கார்ந்து பாடப் புத்தகத்து மனப்பாடச் செய்யுள்களை முதலிலிருந்து கடைசிவரை சொல்வேன், மனசுக்குள் நாற்பது நிமிஷம் ஓடியிருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு, நடுவில் ஒரு அடி மறந்துபோனால் நேரமே நின்றுபோன மாதிரி இருக்கும், குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். அரையாண்டு லீவு வந்தது. பத்து நாள் மணி இல்லை. அந்தப் பத்து நாளை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவுக்கு வரவில்லை. லீவு முடிந்து பிரேயர் மணி அடித்த அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் நடந்தே போனேன். தராசில் தொங்கவிட்டாள். மூன்று நானூறு. அந்தப் பொம்பளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே கழுதை" என்றாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை நான் எழுதவில்லை. ஆனால் ரிசல்ட் வந்தது.

சிங்கப்பூரில் என் கதையை ஒரு அட்டவணையாகவே போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் பராமரிப்பு மையத்தில் உதவியாளாகச் சேர்ந்து, ராவும் பகலும் இங்கிலீஷ் படித்து, தனித்தேர்வெல்லாம் எழுதி, கடைசியில் டிப்ளமோ வகுப்பில் போய் உட்கார்ந்தபோது எனக்கு நிஜத்தில் முப்பத்தொன்று. ஷர்மிளா அப்போது உயர்நிலைப் பள்ளியில். ஒரு நாள் டீச்சர் திரையில் ஒரு அட்டவணையைக் காட்டினாள். டீன்ஏஜ் மதர்ஸ். ஊரில் எங்களுக்கு அதற்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. பிள்ளைத்தாச்சி என்றால் பிள்ளைத்தாச்சி, அவ்வளவுதான். வேறு பாஷையில் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, பதினைந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. அட்டவணையில் வரிசையாக, எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம். நான் நோட்டின் ஓரத்தில் ஒரு டிக் போட்டேன். தாய்க்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம், டிக். தாயின் படிப்பு பாதியில் நிற்கும், டிக். பிள்ளை படிப்பில் பின்தங்கும் வாய்ப்பு அதிகம். பேனா நின்றது. முந்தின வாரம்தான் கணக்கில் பள்ளிக்கே முதல் என்று ஒரு சின்னக் கேடயத்தை ஷர்மிளா கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். அந்த வரிக்கு நான் டிக் போடவில்லை. குறுக்கே கோடும் போடவில்லை. அந்த அட்டவணை பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னோடு படித்த அலமேலுவுக்கும் அதே வருஷம் கல்யாணம், அவள் பிள்ளைக்கு நாலாம் நாளே மூச்சு நின்றது, அவள் வீட்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. டீச்சர் கேட்டாள், உங்களில் யாருக்காவது இப்படி யாரையாவது நேரில் தெரியுமா? நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த மலாய்ப் பெண் தனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள், பாவம், பாவம் என்று. அந்தப் பரீட்சையில் நான் எழுதிய பதிலுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க். பாவம் என்கிற அந்தச் சொல் மட்டும் செருப்பில் ஒட்டின சூயிங்கம் மாதிரி வீடுவரை கூடவே வந்தது.

அதனால்தான் ஷர்மிளாவிடம் சொல்லவில்லை. வேறு எதனாலும் இல்லை. அம்மா எனக்குப் பத்தொன்பதில் பிறந்தாள் என்று அவள் ஃபோனில் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டு, அவளே சிரித்து, அவ்ளோ சின்ன வயசு, பார்த்தா என் அக்கா மாதிரி இருப்பாங்க என்று. பத்தொன்பது அழகான வயசு. கேட்கிறவர்களுக்கு அதில் சிரிக்க இடம் இருக்கிறது. பதினாறில் சிரிக்க இடம் இல்லை. பதினாறு என்று தெரிந்தால் அவள் என்னைத் தட்டிப் பார்ப்பாள், தூணைத் தட்டிப் பார்ப்பதுபோல, எங்கே விரிசல் என்று. தான் வந்ததால்தான் அம்மா படிப்பு போயிற்று என்று நினைப்பாள். அப்பாவைப் பார்க்கிற பார்வை மாறும். அவருக்கு அப்போது இருபத்துநாலு, அவரையும் பிடித்து உட்காரவைத்துத்தான் தாலியைக் கையில் கொடுத்தார்கள், ஆனாலும் இருபத்துநாலு இருபத்துநாலுதான், அதை அவரும் நானும் பேசி, பேசாமலிருந்து, சண்டை போட்டு முடித்தாகிவிட்டது, முடிந்ததை அவளிடம் புதுசாகக் கொடுப்பானேன். இன்னொரு பயமும் உண்டு. போன மாசம் அண்ணி ஊரிலிருந்து ஃபோன் செய்தாள், அவள் தம்பி மகளுக்கு இடம் வந்திருக்கிறதாம், பெண்ணுக்குப் பதினேழுதான். படிக்கட்டுமே அண்ணி என்றேன். "ஏன், நீ பதினாறுல பெத்தியே, உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? பொண்ணு இஞ்சினியரு, நீ டீச்சரு, சிங்கப்பூரு" என்றாள். நான் நன்றாகச் செய்தேன் என்பதை எடுத்துக்கொண்டுபோய், எனக்குச் செய்ததும் நன்று என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். பெருமைப்பட்டால் அதற்கு ஒரு பிள்ளையைப் பலி கேட்கிறார்கள். பெருமைப்படாமல் இருந்தால், ஒன்று தொள்ளாயிரத்திலிருந்து மூன்று நானூறுவரை யார் கொண்டுவந்தது? இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே நிற்பது? ஒரு கட்டத்தில். அந்த டேப்லெட்டில், ஒரு கட்டத்துக்குள். அதில் பாவமும் இல்லை, சபாஷும் இல்லை. இருந்தாள் என்று ஒரு ஒன்று. சைபர் இருக்கிற இடத்தில் ஒரு ஒன்று. அதை வைத்து யாரும் இன்னொருத்தியைக் கட்டிக்கொடுக்க முடியாது. அதை வைத்து நிறுத்தத்தான் முடியும்.

"எனக்கு நாற்பத்தெட்டு கண்ணு" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. அபிநயா நிமிர்ந்தாள். "ஐம்பத்தொன்னுன்னு அக்கா சொன்னாங்களே ஆன்ட்டி?" "அது ஆதார் வயசு. ஆஸ்பத்திரியில கூட்டிச் சொன்னது. நிஜ வயசு நாற்பத்தெட்டு. பள்ளிக்கூட ரெஜிஸ்டர்ல இருக்கும்." அவள் கொஞ்சம் குழம்பி, பிறகு முகம் தெளிந்து, "ட்ரெய்னிங்ல சொன்னாங்க ஆன்ட்டி, கார்டை விடு, அவங்க வாயால சொல்றதை எழுதுன்னு" என்று தட்டினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஷர்மிளாவைப் பார்த்தேன். கழித்தல் கணக்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உதடு லேசாக அசைந்தது. கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கி வைத்தாள். அவ்வளவுதான். அபிநயா, "அப்ப ஆன்ட்டியும் வருவாங்க. தனியா கேட்கணும்க்கா, நீங்க கொஞ்சம் உள்ள போனீங்கன்னா" என்று இழுத்தாள். "இருக்கட்டும் கண்ணு. அவளும் கேட்கட்டும்" என்றேன். ஷர்மிளா எழுந்தாள். உள்ளே போகிறாள் என்று நினைத்தேன். அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கீழே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் மெதுவாக. தெரியும் என்றேன். "பலூன் ஊதினது அப்பாதானே." "ஆமா. ஊதி முடிச்சிட்டு, இது மூணு வருஷம் காத்து நிக்குமாடின்னு கேட்டார்." அவள் சிரிக்கப் பார்த்தாள், அது பாதியில் வேறு என்னவோ ஆயிற்று, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு அவரைக்காயை எடுத்து நார் கிள்ளினாள், தப்பான முனையிலிருந்து. அறுந்துவிட்டது. பாவம் என்று அவள் முகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, கொஞ்சம், இல்லாமல் எப்படி இருக்கும். அதோடு இன்னொன்றும் இருந்தது. அதற்கு எனக்கு இரண்டு பாஷையிலும் பெயர் தெரியவில்லை. அந்த நர்ஸ் இரண்டாவது தடவை தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாளே, கிட்டத்தட்ட அது.

மொத்தம் எத்தனை குழந்தைங்க ஆன்ட்டி? ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். பேரு? ஷர்மிளா. அப்ப உங்க வயசு? பதினாறு, ரெண்டு மாசம். அபிநயாவின் விரல் ஒரு நொடி தயங்கித் தட்டியது. "ஒன்னு தொள்ளாயிரம்" என்றேன். "என்னங்க ஆன்ட்டி?" "பொறந்தப்ப எடை. எழுதிக்கோ." அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அந்தக் கட்டம் வரலை ஆன்ட்டி, சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும்தான் எடை" என்றாள். பரவாயில்லை என்றேன். "ஒன்னு தொள்ளாயிரமா நானு?" என்று ஷர்மிளா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், பாலத்துத் தூண்களைத் தட்டித் தட்டிக் காய்ப்பு ஏறிய கையை. பிறகு சொல்கிறேன், மணியை, ஞாயிற்றுக்கிழமையை, எல்லாவற்றையும், சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக, அவள் அப்பாவும் வந்து உட்காரட்டும். அபிநயா அடுத்த கேள்விக்குப் போனாள். வாயைத் திறந்தாள், மூடினாள், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தாள், சங்கடமாகச் சிரித்தாள். "தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. எல்லாரையும் கேட்டுத்தான் ஆகணும், இல்லன்னா அடுத்ததுக்குப் போகாது." கேளு கண்ணு என்றேன். அவள் திரையைப் பார்த்தே வாசித்தாள். "அந்தக் குழந்தை இப்போ உயிரோட இருக்கா?" ஷர்மிளா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் முழங்காலில் கையை வைத்து நிறுத்தினேன். இது என்னைக் கேட்ட கேள்வி.

"இருக்கா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவரைக்காய்த் தட்டு அதிர்ந்தது.